கோயம்புத்தூரா, திருச்சூரா, உள்ளூர் பார்லரா: மணப்பெண் ஒப்பனைக்கு யாரை அழைப்பது?

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கல்யாண வேலை எதுவானாலும் இரண்டு திசைகள் உண்டு. முகூர்த்தப்பட்டு எடுக்கக் கிழக்கே கோயம்புத்தூருக்குப் போவோம். பொன்சரிகைக் கரை போட்ட வெண்ணிறக் கசவுப் புடவை வேண்டுமென்றால் மேற்கே குத்தாம்புள்ளித் தறிகளைத் தேடிப் போவோம். நகைக்குத் திருச்சூர், சமையலுக்குப் பொள்ளாச்சி என்று பிரித்துக்கொள்வதில் எங்களுக்குக் குழப்பம் வந்ததில்லை. மணப்பெண்ணுக்கு ஒப்பனை செய்ய யாரை அழைப்பது என்ற கேள்வியில்தான் வீடு இரண்டுபடுகிறது. பெண்ணின் கைப்பேசியில் ஒரு பட்டியல் இருக்கும், அம்மாவின் மனதில் ஒருவர் இருப்பார், மாப்பிள்ளை வீட்டார் இன்னொருவரைச் சொல்வார்கள்.

கடந்த சில ஆண்டுகளில் எங்கள் வீட்டில் இரண்டு திருமணங்கள் நடந்தன. தங்கையை உடுமலைப் பக்கம் கொடுத்தோம். முந்தின நாள் மாலை பொள்ளாச்சி மண்டபத்தில் வரவேற்பு, மறுநாள் விடிவதற்குள் முகூர்த்தம். அத்தை மகளை ஒற்றப்பாலத்துக்குக் கொடுத்தோம். குருவாயூரில் தாலிகட்டு, நண்பகலில் ஆடிட்டோரியத்தில் வாழையிலை விருந்து, மாலையில் மாப்பிள்ளை ஊரில் வரவேற்பு. இரண்டிலும் ஒப்பனைக்காரரை விசாரித்து, பேசி முடித்து, பணம் கொடுத்து, நடுவில் கொஞ்சம் சண்டையும் போட்டவள் நான்தான். வருகிற தை மாதம் சித்தி மகளுக்குத் திருமணம். மறுபடியும் அதே விசாரணை தொடங்கியிருப்பதால், பார்த்ததையும் பட்டதையும் வரிசையாக எழுதி வைப்பது மற்றவர்களுக்கும் உதவும் என்று தோன்றியது.

எங்களைப் போன்றவர்களுக்குப் பொதுவாக நான்கு வழிகள் உள்ளன. வீட்டிலேயே கைத்திறன் உள்ள ஒருத்தியை வைத்து முடித்துக்கொள்வது ஒன்று. உள்ளூரில் பல ஆண்டுகளாகப் பார்லர் நடத்தும் அக்காவை அழைப்பது இரண்டாவது. கோயம்புத்தூரிலிருந்தோ பொள்ளாச்சியிலிருந்தோ தனியாகத் தொழில் செய்யும் மேக்கப் ஆர்ட்டிஸ்டை அமர்த்துவது மூன்றாவது. திருச்சூர் அல்லது கொச்சியிலிருந்து, கேரள பாணியில் தேர்ந்த ஒருவரை வரவழைப்பது நான்காவது. முதல் வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிச்சயதார்த்தத்துக்கு அது போதும். கல்யாண நாளில் அந்தத் தங்கையோ தோழியோ தானும் பட்டுடுத்தி நிற்க ஆசைப்படுவாள், அவளை விடியற்காலையில் மூன்று மணி நேரம் அறைக்குள் பூட்டி வைப்பது நியாயமில்லை. மற்ற மூன்றுக்கும் இடையில்தான் உண்மையான தேர்வு இருக்கிறது.

பெரும்பாலானோர் இன்ஸ்டாகிராம் படங்களை வைத்துத்தான் தேர்வைத் தொடங்குகிறார்கள். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். இரண்டு கல்யாணங்களுக்குப் பிறகு என் எண்ணம் மாறிவிட்டது. படங்களைப் புரட்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்பதுதான். அந்த ஒரு விடை கிடைத்தால், தொலைவு, கட்டணம், பாணி ஆகிய மற்றவை பாதிக்கு மேல் தாமாகவே முடிவாகிவிடும்.

கணக்கைப் பாருங்கள். கொங்கு வழக்கப்படி முகூர்த்தம் காலை 5.30 முதல் 6.30 வரை என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முன் பெண் மணையில் உட்கார வேண்டிய சடங்குகளுக்கு ஒரு மணி நேரமாவது பிடிக்கும். முகத்துக்கும் கண்ணுக்கும் ஒன்றரை மணி நேரம், சவுரி வைத்துப் பின்னிப் பூச்சடை தைக்க முக்கால் மணி நேரம், புடவைக்கும் நகைக்கும் முக்கால் மணி நேரம் என்றால், பெண் நாற்காலியில் உட்கார வேண்டிய நேரம் இரவு 1.30. முந்தின இரவு வரவேற்பு முடிந்து, படம் எடுத்து, சாப்பிட்டு எழும்போதே 11 மணி ஆகியிருக்கும். கோயம்புத்தூரிலிருந்து வருபவர் அந்த நேரத்தில் வீட்டுக்குத் திரும்பிவிட்டு மறுபடி வர முடியாது. அவருக்கும் உதவியாளருக்கும் மண்டபத்தில் அறை வேண்டும், அல்லது லாட்ஜில் அறை போட வேண்டும், இரவுச் சாப்பாட்டைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். உள்ளூர் அக்காவோ தன் வீட்டில் படுத்திருந்துவிட்டு, கணவர் வண்டியில் கொண்டுவந்துவிட, சொன்ன நேரத்துக்குக் கதவைத் தட்டுவார்.

கேரள முறைத் திருமணத்தில் இந்தக் கணக்கு வேறு. முகூர்த்தம் பெரும்பாலும் காலை 10 மணிக்கு மேல்தான் அமைகிறது, சடங்கும் சுருக்கம். ஒப்பனையை 6 மணிக்குத் தொடங்கினால் போதும் என்பதால் திருச்சூரிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டாலும் வந்து சேர்ந்துவிடலாம். குதிரான் மலையில் 2021-இல் சுரங்கப்பாதை திறந்த பிறகு அந்த வழியில் மணிக்கணக்கில் சிக்கிக் கிடக்கும் அச்சமும் பெருமளவு குறைந்திருக்கிறது. ஆகவே, முகூர்த்தம் விடியலுக்கு முன் என்றால் அருகிலிருப்பவர், பத்து மணிக்கு மேல் என்றால் தொலைவிலிருப்பவரையும் யோசிக்கலாம் என்பது என் முதல் வடிகட்டி.

குருவாயூர் இந்த இரண்டிலும் சேராது. அங்கே தாலிகட்டு சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் அந்தச் சில நிமிடங்களுக்காக எத்தனை மணப்பெண்கள் காத்திருப்பார்கள் என்பது நாளைப் பொறுத்தது. 2024 செப்டம்பர் 8 அன்று ஒரே நாளில் 300-க்கும் மேற்பட்ட திருமணங்கள் அந்தக் கோவில் முன் நடந்தன. ஆவணி மாத ஞாயிற்றுக்கிழமைகளில் இதைவிடக் குறைவாக இருந்தாலும் நெரிசல் நெரிசல்தான். அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் அத்தை மகளுக்குத் திருமணம் நடந்தது. திருச்சூரில் நல்ல பெயரெடுத்த ஒரு கலைஞரை ஐந்து மாதம் முன்னதாகவே பேசி, முன்பணமும் கொடுத்திருந்தோம். இரவு 2 மணிக்கு லாட்ஜ் அறைக்கு வந்தவர் அவர் இல்லை. இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் பெட்டியைத் திறந்துகொண்டே, "சேச்சி வேறொரு பிரைடுக்குப் போயிருக்காங்க, நான்தான் பண்ணுவேன்" என்று மலையாளம் கலந்த தமிழில் சொன்னாள். அந்தப் பெண் வேலையைக் கெடுக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் நாங்கள் ட்ரையல், அதாவது ஒத்திகை ஒப்பனை, பார்த்தது வேறு கையில், பணம் கொடுத்தது வேறு பெயருக்கு. அன்று முதல் நான் யாரிடம் பேசினாலும் கேட்கும் முதல் வாக்கியம், "அன்றைக்குப் பிரஷ் பிடிக்கப்போவது நீங்கள்தானா?" என்பதே. பெரிய முகூர்த்த நாளில் பெரிய பெயர்கள் மூன்று நான்கு பெண்களை ஏற்றுக்கொள்வது இந்தத் தொழிலில் வழக்கம். தவறென்று சொல்ல மாட்டேன், முன்கூட்டியே சொல்லாததுதான் தவறு.

கட்டணத்துக்கு வருவோம். நாங்கள் இந்த முறை விசாரித்தபோது, உள்ளூர் அக்கா முகூர்த்த ஒப்பனை, தலை அலங்காரம், புடவை கட்டுதல் மூன்றுக்கும் சேர்த்து 9,000 ரூபாய் சொன்னார். கோயம்புத்தூரில் ஒரு வேளைக்கு 25,000 முதல் 30,000 வரையிலும், வரவேற்பும் முகூர்த்தமும் சேர்ந்தால் 45,000 வரையிலும் சொன்னார்கள். திருச்சூரில் ஒருவர் 40,000 என்றார். கொச்சியில் அதற்கும் மேல். இவை எங்களுக்குச் சொல்லப்பட்ட தொகைகள்தாம். முகூர்த்த நாளையும் பேரத்தையும் பொறுத்து மாறும். இதில் கவனிக்க வேண்டியது தொகையின் அளவைவிட, அதற்குள் எது அடக்கம் என்பது. பயணச் செலவு, தங்கும் அறை, புடவையை முந்தின நாளே மடிப்பெடுத்து இஸ்திரி போட்டு வைக்கும் ப்ரீ ப்ளீட்டிங், வாடகை நகை, சவுரி, பூ, அம்மாவுக்கும் அண்ணிக்கும் செய்யும் ஒப்பனைக்குத் தலைக்கு இவ்வளவு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, 28,000 என்று தொடங்கிய பேச்சு தங்கை கல்யாணத்தில் 41,000-இல் முடிந்தது. பூவை மட்டும் கலைஞரிடம் விடாதீர்கள். பெரிய முகூர்த்த நாளில் மல்லிகை விலை எங்கே போய் நிற்கும் என்பது யாருக்கும் தெரியாது. கோயம்புத்தூர் பூ மார்க்கெட்டில் நாமே சொல்லிவைத்து வாங்குவதே உத்தமம்.

சிலர் கட்டணத்துக்கு மேல் ஜிஎஸ்டி தனி என்பார்கள். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சேவைத் தொழில் செய்பவர்கள் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு பெற வேண்டிய கட்டாயம் இல்லை. பதிவு இல்லாதவர் வரி வசூலிக்கவும் முடியாது. எனவே வரி கேட்டால் பதிவு எண்ணுடன் கூடிய பில் கேட்கலாம். அழகு நிலையச் சேவைகளுக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால், பழைய கணக்கை யாரும் நம் தலையில் கட்ட முடியாது.

அடுத்தது தோல். இந்த விஷயத்தில் உள்ளூர்க்காரருக்கும் வெளியூர்க்காரருக்கும் உள்ள வேறுபாட்டை நான் முதலில் பெரிதாக நினைக்கவில்லை. பாலக்காட்டுக் கணவாய் என்பது மேற்குத் தொடர்ச்சி மலையில் 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமுள்ள ஒரு வாசல். மார்கழி, தை மாதங்களில் அதன் வழியே கிழக்கிலிருந்து வறண்ட காற்று இரவும் பகலும் வீசும். உதடு வெடிக்கும், கன்னம் சொரசொரக்கும். பங்குனி, சித்திரையில் இதே ஊரில் வெயில் 40 டிகிரியைத் தொடும். ஆவணியில் மழை ஈரம். மூன்று பருவத்துக்கும் ஒரே பவுண்டேஷனை அடித்தளமாகப் பூசினால், ஒன்றில் வெடித்துப்போகும், இன்னொன்றில் வழிந்துபோகும். கொச்சியின் ஈரக் காற்றுக்குப் பழகியவர், எண்ணெய் வழியும் தோல் என்று கருதிப் பவுடரை அழுத்திப் போட்டால், தை மாதக் கொழிஞ்சாம்பாறையில் அந்த முகம் இரண்டு மணி நேரத்தில் சுண்ணாம்புச் சுவர்போல் விரிசல் விடும். உள்ளூர் பார்லர் அக்கா போன வாரம்கூடச் சித்தி மகளைப் பார்த்துச் சொன்னார்: "தை மாசக் காத்துல உதடு வெடிக்கும் கண்ணு, பத்து நாளைக்கு முன்னாடியே ராத்திரி நெய் தடவிட்டுப் படு." இந்த அறிவுக்கு யாரும் தனியாகக் கட்டணம் வாங்குவதில்லை.

ஆனால் உள்ளூர்க்காரர்களிடம் ஒரு குறையும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. பெண்ணை இரண்டு ஷேடு வெளுப்பாகக் காட்டினால்தான் வேலை தெரியும் என்ற பழைய நம்பிக்கை பல சிற்றூர்ப் பார்லர்களில் இன்னும் இருக்கிறது. மாநிறப் பெண்ணுக்கு இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட பவுண்டேஷனைப் பூசினால் நேரில் ஓரளவு ஏற்றுக்கொள்ளும்படி இருக்கும். படத்தில் சாம்பல் பூத்துக் காட்டும், கழுத்தும் கையும் வேறொருத்தியுடையவை போல நிற்கும். கோயம்புத்தூரிலும் திருச்சூரிலும் இப்போது தொழில் கற்று வரும் இளம் கலைஞர்கள் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். அவர்கள் நிறத்தைத் தாடை எலும்பின் ஓரத்தில் தடவி, சன்னல் பக்கம் அழைத்துப் போய்ப் பகல் வெளிச்சத்தில் பார்க்கிறார்கள். தங்கையின் வரவேற்புப் படங்களில் அவள் அவளாகவே இருந்தாள். அம்மாவுக்கு மட்டும் "இன்னும் கொஞ்சம் பளிச்சுனு இருந்திருக்கலாம்" என்று குறை.

நிறத்தில் எங்கள் பக்கத்துக்கே உரிய இன்னொரு சிக்கல் நலங்கு மஞ்சள். ட்ரையல் பார்க்கும் நாளில் முகத்தில் மஞ்சள் இருக்காது. கல்யாணத்துக்கு முந்தின நாள் அத்தைமார்களெல்லாம் அள்ளிப் பூசியிருப்பார்கள். எவ்வளவு கழுவினாலும் தோலில் ஒரு சாயம் தங்கிவிடும். ட்ரையலில் கச்சிதமாகப் பொருந்திய ஷேடு மறுநாள் பொருந்தாமல் போவதற்கு இதுவே காரணம். கலைஞரிடம் நலங்கு உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்; திருச்சூரிலிருந்தோ கொச்சியிலிருந்தோ வருபவர் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

ட்ரையலுக்குத் தனியாகப் பணம் கேட்கிறார்கள் என்று பலர் தவிர்த்துவிடுகிறார்கள். நான் தவிர்க்க மாட்டேன். ஒப்பனை போட்டு முடித்த நிமிடத்தில் எல்லா முகமும் அழகாகத்தான் இருக்கும். ஆறு மணி நேரம் கழித்து, ஓமப் புகையும் கண்ணீரும் கட்டிப்பிடிப்பும் முடிந்த பிறகு எப்படி இருக்கிறது என்பதுதான் சோதனை. ஆகவே ட்ரையலைக் காலையில் வைத்துக்கொண்டு, அந்த முகத்தோடு வீட்டு வேலை பார்த்து, வெயிலில் ஒரு நடை போய்வந்து, மாலையில் ஃபிளாஷ் போட்டு ஒரு படமும் போடாமல் ஒரு படமும் எடுத்துப் பார்க்க வேண்டும். ஃபிளாஷ் படத்தில் கண்ணுக்குக் கீழே வெள்ளைத் திட்டுத் தெரிந்தால், சிலிக்கா கலந்த பவுடர் அதிகமாகிவிட்டது என்று பொருள். டைட்டானியம் டைஆக்சைடோ துத்தநாக ஆக்சைடோ உள்ள சன்ஸ்கிரீனும் அதே வேலையைச் செய்யும். ஒவ்வாமை இருக்கிறதா என்று அறிய, பயன்படுத்தப் போகும் பொருளைக் காதின் பின்புறத்திலோ முழங்கையின் உட்புறத்திலோ தடவி 48 மணி நேரம் பார்க்க வேண்டும். பொய் இமைக்குப் பயன்படும் பசையில் சிலவற்றில் ரப்பர்ப்பால் இருக்கும். கையுறை போட்டாலே அரிப்பவர்கள் அதை மறக்காமல் சொல்லிவிட வேண்டும்.

எச்டி மேக்கப், ஏர்பிரஷ் மேக்கப் என்று இரண்டு பெயர்களைச் சொல்லி விலையில் பத்தாயிரம் வித்தியாசம் சொல்வார்கள். எச்டி என்பது மிக நுண்ணிய துகள்கள் கொண்ட பொருள்களைப் பிரஷ்ஷாலும் பஞ்சாலும் மெல்லிய படலமாகப் பூசுவது. ஏர்பிரஷ் என்பது நீர்த்த பவுண்டேஷனைச் சிறு கம்ப்ரஸர் மூலம் புகைபோல் தெளிப்பது. படலம் மெல்லியது, வியர்வைக்கு ஓரளவு தாங்கும். ஆனால் வறண்ட தோலின் சொரசொரப்பை அது மறைக்காது, எடுத்துக்காட்டும். கண்ணீர் வழிந்து கோடு விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்வதும் கடினம். தாரைவார்க்கும்போது அழாத பெண்ணை எங்கள் பக்கம் நான் பார்த்ததில்லை. அதனால் காற்றுக் காலத்துக் கல்யாணத்துக்கு ஏர்பிரஷ்ஷுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சித்திரை வெயிலில், நல்ல தோலுள்ள பெண்ணுக்கு என்றால் யோசிக்கலாம்.

சுத்தம் பற்றிக் கேட்கச் சிலர் கூச்சப்படுவார்கள். கூச்சப்பட வேண்டியதில்லை. முகூர்த்த மாதத்தில் ஒரே மஸ்காரா குச்சி எத்தனை கண்களைத் தொட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மெட்ராஸ் ஐ பரவும் பருவத்தில் கல்யாணம் அமைந்தால், சிவந்த கண்ணோடு மணமேடை ஏறுவதற்கு அது ஒன்றே போதும். பிரஷ்களைக் கழுவி வைத்திருக்கிறாரா, மஸ்காராவுக்கு ஒருமுறை பயன்படுத்தி எறியும் குச்சிகள் வைத்திருக்கிறாரா, லிப்ஸ்டிக்கை நேராக உதட்டில் தேய்க்காமல் தட்டில் எடுத்துப் பூசுகிறாரா, பொருள்களின் காலாவதித் தேதி தாண்டவில்லையா என்பதை ட்ரையலின்போது பார்த்தாலே தெரிந்துவிடும். இதில் ஊருக்கும் நகரத்துக்கும் வேறுபாடில்லை. ஆளுக்கு ஆள்தான் வேறுபாடு.

இதைவிடத் தீவிரமான எச்சரிக்கை ஒன்று இருக்கிறது. ஒப்பனையோடு சேர்த்து, இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பிருந்தே முகத்தை வெளுக்கச் செய்வதாகச் சொல்லும் பேக்கேஜ்களை எல்லையின் இரு பக்கமும் விற்கிறார்கள். சிலவற்றில் லேபிள் சரியாக இல்லாத களிம்புகளைக் கொடுக்கிறார்கள். எங்கள் அடுத்த மாவட்டமான மலப்புறத்தில், 2021 முதல் 2023 வரையிலான காலத்தில் ஓர் அரிய வகைச் சிறுநீரக நோயோடு மருத்துவமனைக்கு வந்தவர்களில் பலர் முகவெளுப்புக் களிம்பு பூசியவர்கள் என்பதை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். களிம்புகளில் பாதரசம் இருந்தது. 2023-இல் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளைச் சோதனையிட்டதையும் இங்குள்ளவர்கள் மறந்திருக்க முடியாது. தயாரித்தவர் பெயரும் உரிம எண்ணும் இல்லாத டப்பாவை எவ்வளவு நம்பிக்கையான கை நீட்டினாலும் வாங்கக் கூடாது. ஃபேஷியல் வேண்டுமென்றால் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே முடித்துக்கொள்ளட்டும்; பழக்கமில்லாத பிளீச்சைக் கடைசி நாள்களில் முயன்று பார்க்க வேண்டாம். மருதாணியை இரண்டு நாள் முன்பு வைத்தால் கல்யாணத்தன்று நிறம் முழுதாக ஏறியிருக்கும். உடனே கறுக்கும் கறுப்பு மருதாணியில் தலைச்சாயத்தில் சேர்க்கும் பிபிடி என்ற வேதிப்பொருள் கலந்திருக்க வாய்ப்புண்டு, கொப்புளம் வரும்.

பாணியைப் பொறுத்தவரை என் கருத்து எளிது. நெற்றிச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி, பூச்சடை, குஞ்சம் என்று தலையிலிருந்து இடுப்புவரை தைத்துக் கட்டும் அலங்காரம் தமிழ்ப் பக்கத்துக் கைகளுக்கே முழுதாகப் படியும். குருவாயூருக்குத் திருச்சூரிலிருந்து வந்த பெண் சடையை அழகாகப் பின்னினாள். ஆனால் ராக்கொடி எந்த உயரத்தில் உட்கார வேண்டும் என்று என் அத்தைதான் சொல்ல வேண்டியிருந்தது. அதேபோல், கசவுப் புடவைக்குப் பொருந்தும் அடக்கமான முகம், கண்ணை மட்டும் எழுதி மற்றதை விட்டுவிடும் நிதானம், முல்லைச் சரத்தை நெருக்கமாகச் சுற்றிப் பாலக்கா மாலை, நாகபடத்தாலி ஆகிய கேரள நகைகளை எடுப்பாக நிற்கவிடும் கணக்கு ஆகியவை கேரளக் கைகளுக்கே இயல்பாக வருகின்றன. கசவின் வெண்மைக்கு ஒரு கூடுதல் கவனமும் தேவை. தோளிலும் கழுத்திலும் பூசியது கரையில் ஒட்டினால் போகாது, புடவை கட்டியபின் மேலே ஒரு துணியைப் போர்த்திக்கொண்டுதான் மீதி ஒப்பனையைச் செய்ய வேண்டும். அத்தை மகளின் புடவையில் அந்த இளநிறக் கறை இன்னும் இருக்கிறது.

"சினிமாவில் வேலை பார்த்தவர்" என்பதை ஒரு பட்டம்போலச் சொல்லி விலை ஏற்றுபவர்களும் உண்டு. மும்பைத் திரைத்துறைச் சங்கம் ஒன்று பெண்களை ஒப்பனைக் கலைஞராகச் சேர்க்காமல், சிகை அலங்காரத்துக்கு மட்டும் அனுமதித்து வந்த வழக்கத்தை உச்ச நீதிமன்றம் 2014 நவம்பரில்தான் செல்லாது என்றது. அதற்கு முன்பே கல்யாண வீடுகளில் எத்தனையோ பெண்கள் இந்தத் தொழிலை நடத்திக் குடும்பம் காப்பாற்றியிருக்கிறார்கள். திரைப்பட அனுபவம் கெட்டதல்ல. ஆனால் அங்கே ஒளியமைப்பாளர் இருப்பார், மண்டபத்தின் டியூப்லைட் அறையில் அவர் இருக்க மாட்டார்.

ஒரே பெண்ணுக்கு வரவேற்புக்கு ஒருவர், முகூர்த்தத்துக்கு ஒருவர் என்று பிரிப்பது பற்றியும் சொல்ல வேண்டும். தங்கைக்கு அப்படித்தான் செய்தோம். கோயம்புத்தூர்க் கலைஞர் வரவேற்புக்குச் செய்த ஒப்பனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தலைமுடியைக் கலைத்து உயர்த்தி ஸ்பிரே அடித்து இறுக்கியிருந்தார். அவர் கிளம்பிய பிறகு, இரவு 1.30 மணிக்கு உள்ளூர் அக்கா அந்தச் சிக்கைப் பிரிக்கவே 40 நிமிடம் எடுத்துக்கொண்டார், தங்கை வலியில் அழுதாள். பொய் இமையை எண்ணெய் தொட்டு மெதுவாக எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லாததால் அவளே பிடுங்கியிருந்தாள், கண் சிவந்திருந்தது. இருவரை அமர்த்துவதில் தவறில்லை. இருவரையும் ஒருமுறை பேசவைக்காதது எங்கள் தவறு. முந்தின இரவு எளிதில் பிரியும் கொண்டையும், கலைஞரே ஒப்பனையைக் கலைத்துவிட்டுப் போவதும் பேச்சில் சேர்ந்திருக்க வேண்டும்.

பேசியதையெல்லாம் வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியாக எழுதி அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கிவிடுங்கள். யார் வருவார், எத்தனை மணிக்கு, எத்தனை பேருக்கு, கலைந்த ஒப்பனையைச் சரிசெய்யும் டச்சப்புக்கு எவ்வளவு நேரம் இருப்பார், தேதி மாறினால் முன்பணம் என்னவாகும் என்பவை அதில் இருந்தால் போதும். பணத்தைக் கையில் கொடுக்காமல் யூபிஐ வழியாகக் கொடுங்கள். கலைஞர் வேறு மாநிலத்தவர் என்றால் வழக்குக்கு அங்கேதான் அலைய வேண்டும் என்று எங்கள் பக்கம் பலர் நினைக்கிறார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமும் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்தாலே சில விஷயங்கள் முடிந்துவிடும். குருவாயூர் விவகாரத்தில் எங்களிடம் எழுத்தில் எதுவும் இல்லாததால் புகார் கொடுக்கவில்லை.

இனி எங்கள் முடிவு. சித்தி மகளின் மாப்பிள்ளை பொள்ளாச்சிக்காரர். முகூர்த்தம் காலை 6 மணிக்கு. அதனால் முகூர்த்தத்துக்கு உள்ளூர் அக்காவையே சொல்லிவிட்டோம், ஒரே ஒரு நிபந்தனையோடு: பவுண்டேஷன் அவளுடைய நிறத்தில் நாங்கள் வாங்கித் தருவோம், அதையே பூச வேண்டும். அக்கா முதலில் முகம் சுளித்தார், பிறகு ஒப்புக்கொண்டார். முந்தின மாலை வரவேற்புக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஓர் இளம் கலைஞர் வருகிறார். இரவு ஒப்பனையைக் கலைத்து, இமையை எடுத்து, முடியைப் பிரித்துவிட்டுத்தான் அவர் கிளம்ப வேண்டும் என்பது எழுத்தில் இருக்கிறது. மாப்பிள்ளை கேரளத்தவராக, முகூர்த்தம் பதினொரு மணியாக இருந்திருந்தால் தயங்காமல் திருச்சூருக்கே போன் செய்திருப்பேன். இருவருடைய ட்ரையலையும் மார்கழி நடுவில் ஒரே வாரத்தில் வைத்திருக்கிறோம். கணவாய்க் காற்று அப்போது முழு வேகத்தில் இருக்கும், மொட்டை மாடியில் ஒரு மணி நேரம் அவளை நிற்கவைத்துப் பார்த்துவிடலாம்.